கித்தாப் பால் கறை

நான் வேலை பார்க்கும் கடையில் ‘எஸ்டேட்’ என்பது ஒரு வசவு.

சிரம்பானில் ஒரு பேரங்காடியின் தரைத்தளத்தில் இருக்கும் துணிக்கடை அது. கண்ணாடி முகப்பு, வெள்ளை விளக்கு, உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை. அந்த வாசனையைக்கூடக் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து புட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பெயர் வேண்டாம். அங்கே யாராவது தலையில் எண்ணெய் மினுங்க வந்தால் எஸ்டேட். மஞ்சள் சட்டைக்கு ஊதாக் கால்சட்டை கேட்டால் எஸ்டேட். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஆத்தாடி’ என்றால் சந்தேகமே இல்லை, எஸ்டேட். எங்கள் மேனேஜர் வாயில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்கும். அவளும் தமிழச்சிதான். டவுனில் பிறந்தவள். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதலாம், எழுத எனக்கு மனம் வரவில்லை.

“பிளீஸ்லா, டோன்ட் பீ சோ எஸ்டேட்” என்று அவள் சொல்லும்போது நாங்கள் எல்லோரும் சிரிப்போம். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன். பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா இன்றைக்கும் அங்கே மரம் வெட்டுகிறாள். மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது இல்லை, விடிவதற்கு முன்னால் போய்ப் பட்டையைச் சீவிக் கித்தாப் பால் எடுப்பது. இது எதுவும் கடையில் ஒருவருக்கும் தெரியாது.

வேலைக்கு நேர்காணல் நடந்த அன்றே பொய் சொல்லத் தொடங்கிவிட்டேன். வீடு எங்கே என்று கேட்டார்கள். மம்பாவ் என்றேன். அங்கே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன், அதனால் அது பொய்யில் சேராது. அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோதுதான் நாக்கு தானாகப் புரண்டது. “எஸ்டேட்ல கிராணி” என்றேன். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பேர் எழுதுபவர். லயத்துக்குத் தள்ளித் தனி வீடு, வாசலில் கார். என் அப்பா முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்துகொண்டு புல்லுக்கு விஷம் அடித்தவர். நெஞ்சு கெட்டு, நான் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே செத்துப்போனார். செத்தவருக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்த மகள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

“ஓ, கிராணி டாட்டர். அப்ப ஓக்கேலா” என்றாள் மேனேஜர். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

வேலை கிடைத்தது. ஆனால் கடையில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு இருந்தன. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வெளுப்பாக இருப்பவர்கள் கண்ணாடி முகப்பின் பக்கத்தில், வருகிறவர்களை வரவேற்கும் இடத்தில் நிற்பார்கள். நான் பின்னால், உடை மாற்றிப் பார்க்கும் அறைகளின் வாசலில் நின்றேன். “உன் வாய்ஸ் நல்லா இருக்கு, ஃபிட்டிங் ரூமுக்கு சூட் ஆகும்” என்று மேனேஜர் காரணம் சொன்னாள். கால்சட்டை போட்டுப் பார்ப்பதற்கும் என் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நான் கறுப்பு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புதிதாக வந்த பெண்களுக்குத் துணி மடிக்கவும் பொம்மைக்கு உடுத்தவும் சொல்லிக் கொடுத்தது நான்தான். இரண்டு மாதத்தில் அவர்கள் முன்னால் போய்விடுவார்கள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் குடித்து முடித்த காப்பிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார், துப்புரவு வேலைக்காரி என்று நினைத்து. நானும் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

நான்கு வருடம் அப்படிப் போனது. முன்னால் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஆசையாக இருந்து, பிறகு வெறியாகவே ஆகிவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே வருகிறவர்களைப் பார்த்து, ‘வெல்கம்’ என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. புது வரிசை உடைகள் வருகின்றன, அதற்குப் பெயர் ‘எஸ்டேட்’. மேனேஜர் அதை எங்களைக் கூட்டி வைத்து வாசித்தாள், முகத்தில் ஒரு சிரிப்பில்லாமல். மாதிரிக்கு ஒரு சட்டையும் வந்திருந்தது. சந்தன நிறத்தில் தடித்த துணி, மணிக்கட்டைத் தாண்டும் நீண்ட கை. நெஞ்சிலும் கைமுட்டியிலும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. இயந்திரத்தில் அச்சடித்த கறை. மற்றவர்கள் அது ஏதோ சித்திரம் என்று நினைத்துத் தடவிப் பார்த்தார்கள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கித்தாப் பால் துணியில் விழும்போது வெள்ளையாகத்தான் விழும். காயக் காயப் பழுப்பாகி, பிறகு கறுத்துப்போய், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சரியாக அந்தக் கறைதான்.

“ஹெரிட்டேஜ்” என்றாள் மேனேஜர். “ரியல் எஸ்டேட்ல, ரியல் பீப்பளோட ஷூட் பண்ணணுமாம். இந்தப் பக்கத்துல இன்னும் ரப்பர் டேப்பிங் நடக்குற இடம் யாருக்காச்சும் தெரியுமா?”

நான் கையைத் தூக்கினேன். “எனக்கு ஒரு தோட்டம் தெரியும். அப்பா அங்கதான் கிராணியா இருந்தாரு.” யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கையை நானாகத்தான் தூக்கினேன்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“படம் புடிக்க வர்றாங்கம்மா. பெரிய கம்பெனி. நீ, எதிர்வீட்டு அக்கா, இன்னும் ரெண்டு பேரு இருந்தா போதும்.”

“நம்மளையா? நம்மள என்னாத்துக்குப் புடிக்கிறாங்க?”

“மரம் வெட்டுற மாதிரி நிக்கணும், அவ்வளவுதான். வேலை உடுப்புலயே வாங்க.”

“சரி பாப்பா.”

“இன்னொன்னும்மா. நான் உன் மகள்னு அங்க யாருக்கும் தெரியக் கூடாது. சொந்தக்காரங்களயே புடிச்சு விட்டேன்னு தெரிஞ்சா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க.”

அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனால் அம்மா நம்பினாள். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் தன் தங்கச்சி மகனுக்குப் பால் நன்றாக வரும் மர நிரையைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வேலையை இழந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். “அப்ப உன்னை என்னான்னு கூப்புடுறது?” என்று கேட்டாள்.

“மிஸ்ஸுன்னு கூப்புடு. மத்தவங்ககிட்டயும் சொல்லி வெச்சிரு.”

“மிஸ்ஸு” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

படம்பிடிப்புக் குழு கோலாலம்பூரிலிருந்து காலையிலேயே வருவதாகச் சொல்லி, வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். நானும் மேனேஜரும் கம்பெனி வேனில் போயிருந்தோம். தோட்டத்தில் பாதி செம்பனை ஆகிவிட்டது. மீதி இருக்கும் ரப்பர் நிரைகளில் வங்காளதேசத்து ஆட்கள்தான் அதிகம். நம் ஆட்கள் என்று ஏழெட்டுக் குடும்பம்கூட இல்லை. அவர்களில் நான்கு பெண்கள் லயத்துக்கு முன்னால் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் குழுவில் ஒப்பனைக்காரியாக வந்த பெண்ணின் முகம் தொங்கிப்போனது.

நால்வரும் குளித்து, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் புடவையில் நின்றார்கள். தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, எதிர்வீட்டு அக்கா இரண்டு முழம் பூவும் வைத்திருந்தாள். என் அம்மா சாம்பல் நிறப் புடவையில், நெற்றியில் திருநீறு மட்டும் இட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் நின்றாள்.

“மிஸ்ஸு, வேலை உடுப்பு கேட்டீங்கள்ல, கொண்டாந்துட்டோம்” என்று பையை என்னிடம் நீட்டினாள். ‘கேட்டீங்கள்ல’ என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. உள்ளே சட்டைகள் மடித்து, இஸ்திரி போட்டு இருந்தன. “ஒரு வாரமா மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சோம் மிஸ்ஸு. முக்காவாசி போயிருச்சு. படத்துல நம்ம அழுக்கா தெரியக் கூடாதுல்ல.”

வேலைச் சட்டையை அம்மா எப்படி வைத்திருப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டும். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை அது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டாள். குளியலறைக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும். அழுகிய பால் நாற்றம் அதிலிருந்து போகவே போகாது. நான் பள்ளி முடிந்து வருவதற்குள் அவள் குளித்து மாற்றிவிடுவாள். என் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சட்டையோடு ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் கறையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முப்பது வருடம் கவனமாக இருந்த மனுஷியிடம், கறையோடு வா என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது எப்படிப் புரியும்? படம் பிடிக்கிறார்கள் என்றால் துவைத்துக்கொண்டுதானே வருவாள்?

ஒப்பனைக்காரி சட்டைகளை உதறிப் பார்த்துவிட்டு, “ஐயோ, டூ கிளீன்” என்றாள். மண்ணையும் அடுப்புக்கரியையும் தண்ணீரில் குழைத்து, அம்மா தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த இடத்திலேயே பூசினாள். நான்கு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் விரல்களில் மண்ணெண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு சட்டைகளைப் புடவைக்கு மேலேயே மாட்டவைத்து, அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். “மத்தியானத்துல யாரு மிஸ்ஸு மரம் வெட்டுவா? பால் எறங்காதே” என்றாள் எதிர்வீட்டு அக்கா. படம்பிடிப்பவன் கடைக்கு ஆள் அனுப்பி டின் பால் வாங்கி வரச்சொல்லி, தண்ணீரில் கலந்து, மரத்தின் வெட்டுக்காயத்தில் ஊற்றினான். அது வழிந்து மரத்தில் கட்டியிருந்த மங்குக் கோப்பையில் விழுந்தது. எறும்பு வந்தது. “மரத்துக்குப் பால் ஊத்திட்டானுங்கலா, இனி கருமாதிதான்” என்று அக்கா சொல்ல, நாலு பேரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு நடந்ததில் நான் நினைத்துச் சிரிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

மாடல் பெண் நல்ல வெளுப்பு. எந்த இனம் என்று பார்த்துச் சொல்ல முடியாத முகம், இந்த நாட்டில் எதை விற்பதற்கும் அந்த முகத்தைத்தான் தேடுவார்கள். அந்தச் சந்தன நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றாள். நல்ல பெண்தான், எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா வாளியோடு நிற்க வேண்டும். அம்மா அவள் சட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“மிஸ்ஸு, பாவம், இந்தப் புள்ள புதுச் சட்டையில பால் பட்டுருச்சு. காய்றதுக்குள்ள மண்ணெண்ணெய் போட்டா போயிரும்னு சொல்லுங்க.”

மேனேஜருக்கு அது புரிந்து, “சோ கியூட்லா இந்த ஆண்ட்டி” என்று சிரித்தாள். குழுவில் மற்றவர்களுக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினாள். அவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

கடைசியாகத்தான் அது நடந்தது. ஒப்பனைக்காரி ஈரக் காகிதத்தால் அம்மாவின் முகத்துப் பவுடரைத் துடைத்தாள். கூடவே திருநீறும் போய்விட்டது. வெயிலில் பளபளக்க வேண்டும் என்று கன்னத்தில் எண்ணெய் தடவினாள். தள்ளி நின்று பார்த்தாள். ஏதோ குறைகிறது என்று தோன்றியிருக்க வேண்டும். தன் பெட்டியைத் திறந்து, சிவப்பை விரலில் எடுத்து, அம்மாவின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

அப்பா போனதிலிருந்து அம்மா பொட்டு வைப்பதில்லை. ‘இந்தக் காலத்துல என்னம்மா’ என்று நானே அவளோடு சண்டை போட்டிருக்கிறேன், கேட்க மாட்டாள். அது அவள் முடிவு, அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உள்ளது. அதில் யாரோ ஒருத்தி கேட்காமல் விரலை வைப்பது வேறு. எதிர்வீட்டு அக்கா, “ஏய், ஏய், அவங்க” என்று முன்னால் வந்தாள். அம்மா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ‘அவங்க புருஷன் செத்துட்டாரு, அழிச்சிடுங்க’ என்று ஒரு வரி. ஆனால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்டால்? நான் மிஸ் ஆயிற்றே. குனிந்து போனைப் பார்ப்பதுபோல் நின்றேன். படம்பிடிப்பவன், “நைஸ், வெரி இண்டியன்” என்றான். படம் எடுத்து முடிந்ததும் நால்வரிடமும் ஆங்கிலத்தில் இருந்த ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில், “குட் ஜாப்” என்று மேனேஜர் என் தோளைத் தட்டினாள். சில வாரம் கழித்துப் படம் வந்தது. கடையின் நடுச்சுவரில், தரையிலிருந்து கூரைவரை. மாடல் பெண் தெளிவாக, பெரிதாக. பின்னால் அம்மா, கொஞ்சம் மங்கலாக, வாளியும் கறைச் சட்டையுமாக. அந்தச் சிவப்புப் பொட்டு மட்டும் மங்கவில்லை. பக்கத்தில் ஆங்கிலத்தில் எஸ்டேட் என்று எழுதியிருந்தது.

நான் முன்பக்கத்துக்குப் போனேன். “இந்த சீசனுக்கு உன் லுக் கரெக்டா இருக்கும்” என்று மேனேஜர் சொல்லி, அந்தக் கறைச் சட்டையையே எனக்குச் சீருடையாகக் கொடுத்தாள். நான்கு வருடம் என்னைப் பின்னால் தள்ளிய அதே நிறம் இப்போது சட்டைக்குப் பொருத்தமாகிவிட்டது. இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் முதல் நாள் சந்தோஷமாகவே இருந்தேன், கண்ணாடியில் பார்த்துப் படம்கூட எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் நம் ஆள் ஒருவர் மனைவியோடு வந்து, என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, “எங்கப்பன் இந்தக் கறையோட வீட்டுக்குள்ள கால் வெச்சா எங்காத்தா கத்தும். இதையா விக்கிறானுங்க?” என்று கேட்டார். அவர் வாங்காமல் போய்விட்டார்.

அந்த வாரமே எதிர்வீட்டு அக்கா போன் செய்தாள். படம் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிட்டதாம். கோயிலில் யாரோ ஒருத்தி, ‘புருஷன் போயும் பொட்டு கேக்குது போல’ என்று அம்மாவின் காதில் விழும்படி சொன்னாளாம். “உங்கம்மா கோயில் பக்கமே போறதில்ல பாப்பா. அடுத்த மாசம் உங்கப்பா திதி வருது. பொட்டோட படம் நிக்கிறப்ப எப்படிப் படைக்கிறதுன்னு அழுவுது. அதை மட்டும் அழிக்கச் சொல்ல முடியாதா?” நான் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு விற்பனை முடியட்டும் என்று இருந்தேன். மூன்று வாரம் ஆனது. நான் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பகலில் அம்மாவே வந்துவிட்டாள். பகாவிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். அதே சாம்பல் நிறப் புடவை, கையில் குடை. கடையில் கூட்டம். அவள் உள்ளே வந்ததுமே ஒரு விற்பனைப் பெண் இரண்டடி பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். திருடிவிடுவார்களோ என்று சிலர் பின்னால் மட்டும் அப்படி நடப்போம். நானும் நடந்திருக்கிறேன். அம்மா நேரே போய்ச் சுவரில் இருந்த தன் படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். படத்தில் இருப்பவளும் கீழே நிற்பவளும் ஒருத்திதான் என்பது கடையில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு என்னைக் கண்டுபிடித்துக் கிட்டே வந்தாள். “மிஸ்ஸு” என்றாள்.

“வாங்க ஆண்ட்டி” என்றேன்.

பெற்றவளை ஆண்ட்டி என்றேன். என் வாயில்தான் வந்தது அந்தச் சொல்.

“தொந்தரவு குடுக்கல மிஸ்ஸு. அந்தப் பொட்டை மட்டும்” என்று அவள் மெல்லப் பேச ஆரம்பிக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டாள். என்ன வேண்டுமாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மாவே சொன்னாள், கையைக் கட்டிக்கொண்டு. “நான்தாங்க மேடம் அந்தப் படத்துல நிக்கிறது. நான் தாலி அறுத்தவங்க. அந்தப் பொட்டை அழிச்சிட்டா போதும். வேற ஒன்னும் கேக்கல.”

மேனேஜர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் சிரித்தாள். “ஓ, நீங்களா ஆண்ட்டி! ஆனா நீங்க அன்னைக்கே ஃபார்ம்ல சைன் பண்ணியாச்சுலா. பொட்டு இருந்தாத்தான் இண்டியன்னு தெரியும். இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா? டோன்ட் பீ சோ எஸ்டேட்.”

அம்மாவுக்கு அது புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், தோட்டத்தில் பார்த்த அதே பார்வை.

“இவங்க எங்க அம்மா” என்றேன். தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்கப்பா கிராணி இல்ல. மருந்து அடிச்சாரு. செத்துட்டாரு. அந்தப் பொட்டை எடுத்தாகணும்.”

பின்னால் வந்த விற்பனைப் பெண் அப்படியே நின்றாள். மேனேஜரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “வாட்?” என்றாள். அவள் குரல் கெட்டியாக இருந்தது. அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். மண்டோர் முகத்தையும் தோட்ட மேலாளர் முகத்தையும் பார்த்தே வேலை இருக்குமா போகுமா என்று கண்டுகொள்ளப் பழகியவள் அவள். போன் போட்டு நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்.

“ஐயோ இல்லைங்க மேடம்” என்றாள் அம்மா. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. “மிஸ்ஸு நல்ல மனசு, எனக்குப் பரிஞ்சு பேசுறாங்க. எனக்கு அப்படியெல்லாம் யாரும் இல்ல.”

“அம்மா” என்றேன்.

“எனக்குப் புள்ள குட்டியே கிடையாதுங்க” என்றாள் மேனேஜரிடம், என்னைப் பார்க்காமல். “படம் அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.”

மேனேஜருக்கு மூச்சு வந்தது. “யூ ஆர் சோ டிராமாலா” என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அம்மா இருவருக்கும் கும்பிட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவும் கால் வரவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டையும் தோட்டத்து மண்ணில் புதைத்தவள் என் அம்மா. மூன்றாவதாகத் தங்கியவள் நான். அந்தப் பொட்டை அழிக்க வந்தவள், என் வேலைக்காக அதை விட்டுவிட்டு, என்னையும் இல்லையென்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவின் திதி அன்று படம் சுவரில்தான் இருந்தது.

அந்த வேலையில்தான் நான் இன்றைக்கும் இருக்கிறேன்.